ரெஸ்ட் எடுத்தால் வீங்கும் கால்

1. திங்கட்கிழமை

2009 ஆகஸ்ட் 17, திங்கட்கிழமை. ஆவணி முதல் நாள். புத்தூரில் காலை பாசஞ்சரைப் பிடித்து, ரேணிகுண்டாவுக்கு முன்னால் வழக்கம்போல் சிக்னலுக்கு நின்று, எட்டரை மணிக்குத் திருப்பதியில் எங்கள் ஆஸ்பத்திரியின் பிசியோதெரபி பிரிவைத் திறந்தேன். முதலில் ஹாட் பேக் தொட்டிக்குத் தண்ணீர் ஊற்றி சுவிட்ச் போடுவேன். அது சூடாவதற்குள் வாக்ஸ் பாத்தில் மெழுகு உருகியிருக்கிறதா என்று பார்த்து, வலிக்கு லேசாகக் கரண்ட் வைக்கும் ஐ.எஃப்.டி மிஷினின் பஞ்சுகளை அலசிப் பிழிந்து வைப்பேன். பிறகு பெட் விரிப்பு மாற்றுவேன். ஒன்பது மணிக்குக் கதவைத் திறந்தால் முதல் பேஷண்ட் பெட்டில் ஏறலாம். அன்றும் இந்த வரிசை மாறவில்லை.

முதலில் வந்தவர் கஸ்தூரி. நாகலாபுரம் பக்கத்துக் கிராமத்துப் பெண், வயது முப்பத்தெட்டு. கல்யாணமாகித் திருப்பதிக்கு வந்தவர். முந்தைய வாரம் இரண்டு சிட்டிங் முடிந்திருந்தது, அன்று மூன்றாவது. இடது கணுக்காலில், வெளிப்பக்க எலும்பின் மேல், ஒரு சிறிய எலுமிச்சம்பழம் அளவுக்கு வீக்கம். தொட்டால் வலி, ஷூவின் விளிம்பு பட்டால் வலி. எக்ஸ்ரே நார்மல். யூரிக் ஆசிட், வாதத்துக்கான ரத்தப் பரிசோதனை எல்லாம் நார்மல். யானைக்காலாக இருக்குமோ என்ற பயத்தில் அதற்கும் சோதித்தார்கள். அதுவும் இல்லை. ஆர்த்தோ டாக்டரின் சீட்டில் 'ஆங்கிள் ஸ்ப்ரெயின்?' என்று கேள்விக்குறியோடு எழுதியிருந்தது.

கேள்விக்குறி போட்டிருந்தது சரிதான். சுளுக்கு என்றால் பாதத்தை உள்பக்கம் திருப்பும்போது உயிர் போக வேண்டும். கஸ்தூரிக்குத் திருப்பினால் ஒன்றுமில்லை. ஒற்றைக் காலில் குதிக்கச் சொன்னேன், குதித்தார். மூட்டு உறுதியாக இருந்தது. ஆனால் வீக்கம் மட்டும் முந்தைய வாரத்தைவிடக் கூடியிருந்தது.

2. ஓடுகிற பெண்

அன்று அவரோடு கணவர் முனிரத்தினமும் வந்திருந்தார். குவைத்தில் வீட்டு டிரைவர். இரண்டு மாத லீவில் வந்தவர். ஸ்டூலில் உட்காரும் முன்பே ஆரம்பித்தார்.

"மேடம், இந்த மாசக் கடைசியில நான் திரும்பிப் போவணும். அதுக்குள்ள நீங்க ஒரு வார்த்த சொல்லிடுங்க. இனிமே ஓடக் கூடாதுன்னு. நான் சொன்னா கேக்க மாட்டேங்கறா."

"இன்னாத்துக்கு மேடத்தைச் சொல்லச் சொல்ற? கால் யாருது?" என்றார் கஸ்தூரி.

"கால் உன்னுதுதான்மே. பேச்சு வாங்கறது நானு. 'இன்னாப்பா, உன் பொண்டாட்டிய எந்த நாய் தொரத்திக்கினு போவுது'ன்னு பால்காரன் கேக்கறான்."

"அந்த நாய தெனம் பாக்கறேன். புடிக்க முடியாதுன்னு அதுக்கே தெரிஞ்சி போச்சு. பால்காரனுக்குத்தான் தெரியல."

எனக்குச் சிரிப்பு வந்தது. நானும் எல்லைப் பக்கத்துத் தமிழ்க் குடும்பம்தான். நாள் முழுக்கத் தெலுங்கில் பேசுகிற வேலையில் இந்தப் பேச்சைக் கேட்டால் மனம் இளகிவிடும்.

கஸ்தூரி எந்தப் போட்டிக்காகவும் ஓடுகிறவர் அல்ல. எப்படி ஆரம்பித்தது என்று முதல் நாளே கேட்டிருந்தேன். "சுகர் வந்துடும்னு பக்கத்து வூட்டுக்காரங்க நாலு பேர் காலேஜ் கிரவுண்டுக்கு நடக்கப் போனாங்க. நானும் போனேன். ஒரு நா மழ வந்துச்சு, எல்லாரும் மரத்துக்கடியில நின்னாங்க, நான் வூட்டுக்கு ஓடிட்டேன். அதுக்கப்புறம் எனக்கு நடக்கவே புடிக்கல மேடம்" என்றார். தண்ணீர்க் குழாய் வருவதற்கு முன் விடியற்காலையில் கிரவுண்டில் ஓடிவிட்டு வருவார். அந்தக் கொஞ்ச நேரம் யாரும் தன்னை எதற்கும் கூப்பிடுவதில்லை என்றும் சொன்னார்.

இப்போது அந்த ஓட்டம்தான் ஆபத்தில் இருந்தது. நான் 'ஓடாதே' என்று சொல்லிவிட்டால் முனிரத்தினம் ஷூவை மூட்டை கட்டிவிடுவார். அவரையும் குறை சொல்ல முடியாது. மனைவிக்குக் கால் போய்விடுமோ என்ற பயத்தோடு விமானம் ஏற வேண்டியவர் அவர்.

"அந்த ஷூவ வாங்கி அனுப்சதே இவருதான் மேடம்" என்றார் கஸ்தூரி.

"நடக்கறதுக்கு அனுப்சேன். பறக்கறதுக்கா அனுப்சேன்?"

"சரி, கடைசியா எப்ப ஓடினீங்க?" என்று கேட்டேன்.

ஓடி ஒரு மாதத்துக்கு மேல் ஆகிறது என்றார். வீக்கம் முதலில் சின்னதாக இருந்தபோது கணவர் நிறுத்தச் சொன்னார், நிறுத்திவிட்டார். புத்தூருக்குப் போய்க் காட்டியபோது கட்டுப் போடுகிற பெரியவர் அழுத்திப் பார்த்து, எலும்பில் ஒன்றும் இல்லை, எண்ணெய் போட்டு விடுகிறேன், கொஞ்ச நாள் காலை ஊன்றாதே என்றார். எங்கள் ஆர்த்தோ சாரும் ரெஸ்ட் எடுக்கச் சொன்னார். எல்லோர் பேச்சையும் கேட்டார் கஸ்தூரி. வீக்கம் எலுமிச்சம்பழம் ஆகிவிட்டது.

என் மனத்தில் இடறியது இதுதான். ஓடினால் வருகிற வீக்கம் ஓடாமல் இருந்தால் வடிய வேண்டும். இது ரெஸ்ட் எடுக்க எடுக்க ஏறுகிறது.

3. கரண்ட் போனது

ஐ.எஃப்.டி வைக்கலாம் என்று பஞ்சை எடுத்தேன், கரண்ட் போய்விட்டது. அந்த நாட்களில் அது அதிசயமல்ல. ஜெனரேட்டர் ஆபரேஷன் தியேட்டருக்கு மட்டும்தான். "கொஞ்ச நேரம் உக்காருங்க, வந்துடும்" என்று சொல்லிவிட்டு அடுத்த பேஷண்டுக்கு ஹாட் பேக் வைக்கப் போனேன். தொட்டியில் சூடு இருந்தது.

திரும்பி வந்து பார்த்தால் பெட் காலி. கஸ்தூரி ஜன்னலோரம் வெளிச்சம் விழும் இடத்தில் சிமெண்ட் தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தார். கையில் மரவளையத்தில் இழுத்து மாட்டிய ரவிக்கைத் துணி. ஊசியால் ஒவ்வொரு மணியாகக் கோத்துத் தைத்துக்கொண்டிருந்தார். அவர் செய்வது மக்கம் ஒர்க், அதாவது கல்யாண ரவிக்கைகளில் மணியும் ஜரிகையும் வைத்துத் தைக்கிற வேலை. பெங்களூருக்கும் அமெரிக்காவுக்கும் வேலைக்குப் போன பிள்ளைகளின் கல்யாணங்கள் பெருகப் பெருக, இந்த வேலையும் எங்கள் ஊர்ப்பக்கம் பெருகியது. கஸ்தூரி தையல் வேலை செய்கிறார் என்று எனக்குத் தெரியும். மிஷின் தையல் என்று நினைத்திருந்தேன்.

நான் அவர் கையைப் பார்க்கவில்லை, காலைப் பார்த்தேன். வலது கால் மேலே, இடது கால் அடியில். இடது கணுக்காலின் வெளிப்பக்க எலும்பு, சரியாக அந்த வீக்கம், உடம்பின் பாரத்தோடு தரையில் அழுந்திக்கொண்டிருந்தது.

"வலிக்கலியா?"

"மொதல்ல வலிக்கும் மேடம். அப்புறம் மரத்துப் பூடும். துணிய மடிச்சி அடியில வெச்சிக்குவேன்."

"வேலையும் தரையிலதானா?"

"பின்ன? பெரிய துணிய மாட்டற மரச்சட்டம் முழங்கால் ஒசரம்தான. அதுக்கடியில கால விட்டுக்கினு உக்காரணும்."

"எவ்ளோ நேரம்?"

அவருக்கு முன் முனிரத்தினம் பதில் சொன்னார். "முன்னல்லாம் மத்தியானத்துலர்ந்து. இப்ப ஓட்டம் இல்லல்ல, ஊர்ல ஆடி முடியறதுக்கு முன்னாடியே ஸ்ராவண மாசம்னு தெலுங்கு வூட்டுக் கல்யாணம் வந்துடுச்சு, காலைலயே உக்காந்துடறா. நான்தான் சொன்னேன், கால ஊணாத, உக்காந்துக்கினே வேல செய்யின்னு. சாப்பாடு கூட நான்தான் கொண்டாந்து குடுக்கறேன் மேடம். எழுந்திருக்கவே வுடறதில்ல."

அதைப் பெருமையாகத்தான் சொன்னார். பெருமைக்குரியதும்தான்.

மாடிக்குப் போய் ஆர்த்தோ சாரைக் கூப்பிட்டேன். அவர் தெலுங்குக்காரர், அதிகம் பேச மாட்டார். "ரெஸ்டில் வீக்கம் கூடுகிறது சார், அவர் ரெஸ்ட் எடுப்பதை வந்து பாருங்கள்" என்றேன். வந்தார். கஸ்தூரியை எழுந்திருக்க விடாமல் தானும் தரையில் உட்கார்ந்தார். வீக்கத்தின் மேல் தோல் கறுத்துத் தடித்திருப்பதைக் கட்டைவிரலால் தடவினார். இரண்டு பக்கமும் விரல் வைத்து அழுத்தி, உள்ளே நீர் அசைவதைப் பார்த்தார்.

"எந்தசேபு கூர்சுண்டாவம்மா?" என்று கேட்டார். எவ்வளவு நேரம் உட்காருகிறாய் என்று.

காலையிலிருந்து விளக்கு வைக்கும்வரை என்றார் கஸ்தூரி.

"பர்சா" என்றார் சார் என்னிடம். எலும்புக்கும் தோலுக்கும் நடுவே உராய்வைத் தாங்க உடம்பு வைத்திருக்கும் மெல்லிய பை. ஓயாமல் அழுத்தினால் அதில் நீர் கோத்துக்கொள்ளும். அன்றே ஊசி போட்டு நீரை எடுத்தார். வைக்கோல் நிறத்தில் தெளிவாக வந்தது, சீழ் இல்லை. இருந்தாலும் லேபுக்கு அனுப்பினார். நான் ஸ்பான்ஜை நடுவில் துளையிட்டு வளையமாக வெட்டி, எலும்பைச் சுற்றி வைத்து, கிரேப் பேண்டேஜ் கட்டினேன்.

முனிரத்தினம் விடவில்லை. "அப்ப ஓடறது?"

"ஓட்டத்தால் வந்ததில்லை" என்றார் சார், தனக்குத் தெரிந்த தமிழில். "ஷூ உரசும்போது வலி தெரியுது, அவ்வளவுதான். வீக்கம் வத்தற வரைக்கும் வேணாம். அப்புறம் ஓடட்டும். தரையில உக்காரதுதான் வேணாம்."

முனிரத்தினம் தன் மனைவியின் மரவளையத்தைத் தரையிலிருந்து எடுத்து ஸ்டூலின் மேல் வைத்தார். சாப்பாடு கொண்டு வந்து கொடுத்ததெல்லாம் அவர் நினைவில் ஓடியிருக்க வேண்டும்.

"எழுதிக் குடுத்துடுங்க சார்" என்றார் கஸ்தூரி. "ஓடலாம்னு. இங்கிலீஷ்ல வேணாம், தெலுங்குல எழுதுங்க. இங்கிலீஷ்ல இருந்தா இவரு வேற ஒண்ணு படிப்பாரு."

"எனக்கு வேணாம்மே. பால்காரனுக்குக் காட்டு" என்றார் முனிரத்தினம். அப்போதுதான் அவர் முகத்தில் முதல் முறையாகச் சிரிப்பைப் பார்த்தேன். சார் எழுதியும் கொடுத்தார்.

4. பிறகு

வரிசை தவறினாலும், முடிவை இங்கேயே சொல்லிவிடுகிறேன். லேப் ரிப்போர்ட்டில் கிருமி எதுவும் இல்லை. குவைத் திரும்புவதற்குள் முனிரத்தினம் தச்சரை வைத்துச் சட்டத்துக்கு உயரமான கால்கள் போட்டுவிட்டார். இப்போது கஸ்தூரி ஸ்டூலில் உட்கார்ந்து தைக்கிறார். முதலில் முதுகு வலித்தது. அதற்கு ஸ்டூல் உயரத்தை மாற்றினோம். ஐப்பசியில் ஒரு நாள், ஆஸ்பத்திரி வழியாகப் போனவர் காலைக் காட்ட உள்ளே வந்தார். தோல் கறுப்பு அப்படியே இருந்தது, வீக்கம் இல்லை. ஷூ போட்டிருந்தார்.

"வூட்டுக்காரர் என்ன சொல்றார்?" என்று கேட்டேன்.

"தெனம் போன் பண்றாரு மேடம். ஓடிட்டியான்னு கேக்கறாரு. இல்லன்னா, 'இன்னாத்துக்கு உக்காந்துக்கினு கீற'ன்னு திட்டறாரு."

இந்த வேலைக்குப் புதிதாக வருகிறவர்களுக்கு நான் சொல்வது ஒன்றுதான். ரெஸ்ட் எடுங்கள் என்று சொல்வதற்கு முன், அவர்கள் எதை ரெஸ்ட் என்று நினைக்கிறார்கள் என்று கேளுங்கள். நம் வீடுகளில் ஓய்வு என்றால் உட்காருவது. உட்கார்ந்தபடி என்ன நடக்கிறது என்று யாரும் யாரையும் கேட்பதில்லை, எல்லோரும் அப்படித்தான் உட்காருகிறோம் என்பதால்.

கஸ்தூரியின் காலில் நீர் எடுத்ததற்கு மறுநாள், செவ்வாய்க்கிழமை. வீட்டிலிருந்து ஒரு கோரைப்பாயைச் சுருட்டி ரயிலில் எடுத்துக்கொண்டு வந்தேன். ஹாட் பேக் தொட்டிக்கு சுவிட்ச் போடுவதற்கு முன், பெட்டுக்கும் ஜன்னலுக்கும் நடுவில் இருந்த இடத்தைப் பெருக்கிப் பாயை விரித்தேன். ஒன்பது மணிக்கு முழங்கால் வலியோடு ஓர் ஆசிரியை வந்தார். நேராகப் பெட்டில் ஏறப் போனவரை நிறுத்தி, "முதல்ல இங்க, வீட்டுல எப்படி உக்காருவீங்களோ அப்படி உக்காருங்க" என்றேன்.