தேர்ச் சக்கரமும் என் சாலையும்

தொண்ணூறுகளின் கடைசியில், நானும் என் கல்லூரியின் இன்னொரு சிவில் பேராசிரியரும் சின்ன காஞ்சிபுரத்துத் தேர் வீதியில் சோதனைச் சாலை போட்டோம். என் பாதியில் அனல்மின் நிலையச் சாம்பல். அவர் பாதியில் தாரோடு பிளாஸ்டிக் குப்பை. பத்திரிகைக்காரர்கள் அவரை மட்டும்தான் படம் எடுத்தார்கள். எனக்கு வயிறு எரிந்தது.

வைகாசியில் தேர் வந்தது. ஊரே பெருமாளைப் பார்க்க, நான் சக்கரத்தைப் பார்த்தேன். 'பெருமாளே, சக்கரம் புதையட்டும்' என்று வேண்டிக்கொண்டேன். யார் சாலையில் என்று பெருமாளுக்குச் சொல்லவா வேண்டும்?

அவர் பாதியை அலுங்காமல் கடந்த தேர், என் பாதியில் ஒரு சாண் இறங்கி நின்றது.

"இந்த ரோட்ட எவன்பா போட்டது?" என்று வடம் பிடித்தவர்கள் கத்தினார்கள்.

அவர் என்னைக் கைகாட்டவில்லை. சட்டைக் கையை மடித்துக்கொண்டு வடம் பிடிக்கப் போனார்.

அதை மட்டும் நான் இன்னும் மன்னிக்கவில்லை.