கரும்பச்சை என்று சொன்னேனே!

போன செவ்வாய்க்கிழமை காலை பத்து மணிக்குக் கரண்ட் போனது. என் வண்டவாளம் தண்டவாளம் ஏறியதும் அதே பத்து மணிக்குத்தான்.

மனைவியின் தங்கை செல்வி செட்டிபாளையத்தில் மிளகாய்த் தோட்டம் செய்கிறாள். இந்த மாரி மழையில் அவளுடைய நாற்றுமேடை இரண்டு தரம் அழுகிப்போனது. மழை விட்டதும் நட்டாக வேண்டும். அவள் வீட்டு அடுப்பு எரிவதே அந்த மிளகாயில்தான்.

"எங்கட வீட்டு ஹோலுக்குள்ள போட்டுத் தாறன், நீ அழாத" என்று மனைவி வாக்குக் கொடுத்துவிட்டாள். தட்டுகளில் இருநூறு நாற்று. வெயில்? அது என் பொறுப்பாம்!

விட்டேனா? ஆறு வீடியோ பார்த்தேன். சிவப்பு அறுநூற்று அறுபது நானோமீட்டர், நீலம் நானூற்று ஐம்பது... செடிக்குப் பச்சை வெளிச்சம் தேவையே இல்லை என்றார் ஒருவர். கட்டாயம் தேவை என்றார் இன்னொருவர். பெட்டியில் ஃபுல் ஸ்பெக்ட்ரம் என்று போட்டிருந்தால் நம்பாதே என்றார் மூன்றாமவர். ஐயோ, ஒரு லைட் வாங்கப் பௌதிகத்தில் பட்டம் எடுக்க வேண்டுமா?

ஓட்டமாவடியில் லைட் கடைக்காரர் பொறுமையாகத்தான் சொன்னார். "வெள்ளையையே எடுங்க சேர். பயிரும் வளரும், நமக்கும் கண் தெரியும்."

யாருக்குச் சொல்கிறார்? ஆறு வீடியோ பார்த்தவனுக்கா? சிவப்பும் நீலமும் கலந்ததை வாங்கி வந்து மாட்டினேன். ஹோல் முழுக்க ஊதா. முன்வீட்டுக்காரர் மதிலால் எட்டிப் பார்த்து, "என்ன மாஸ்டர், வீட்டில கலியாணமா?" என்றார். எரிச்சலோடு, சாரலுக்குச் சாத்திய ஜன்னல்களுக்குத் திரைச்சீலையும் இழுத்துவிட்டேன்.

ஊதாவில் இலைகள் கறுப்பாகத் தெரிந்தன. நான் அதைச் செழிப்பு என்று எடுத்துக்கொண்டேன். செல்வி நாள்தோறும் போன் எடுத்துக் கேட்பாள்.

"எப்பிடிக் கிடக்கு அத்தான்?"

"கரும்பச்சை! நீ கவலைப்படாத."

மனைவிக்குத்தான் சந்தேகம். "இஞ்சேருங்க, ஒருக்கா வெளிய வச்சுப் பாப்பமா?"

"மழையில நாசமாப் போயிரும். பேசாம இரு" என்று அதட்டினேன். மூன்று கிழமை, இருபது நாளுக்கு மேல், இப்படியே போனது.

செவ்வாய்க்கிழமை கரண்ட் போனதும், இருட்டாகக் கிடக்கிறதே என்று மனைவி ஜன்னலைத் திறந்தாள்.

மஞ்சள்!

தட்டுத் தட்டாக மஞ்சள். இலையைத் திருப்பினால் அடியில் சாறு உறிஞ்சும் வெண் ஈ அப்பிக்கிடந்தது.

"இவ்வளவு நாளும் எதைப் பாத்தீங்க?" என்றாள் மனைவி. செடி வளர என்ன நிறம் வேண்டும் என்று மண்டையைப் போட்டு உடைத்தவன், அதற்கு நோய் வந்தால் எந்த நிறத்தில் தெரியும் என்று ஒரு நிமிடம் யோசிக்கவில்லை. வெட்கமாக இருந்தது.

செல்விக்குச் சொல்ல வேண்டியவனும் நான்தானே... அவள் ஏசவில்லை. ஏசியிருக்கலாம். அடுத்த பஸ்ஸில் வந்து, சவர்க்காரத் தண்ணீரால் இலை இலையாகக் கழுவினாள். இருநூறில் எழுபதுதான் தேறியது. மிச்சத்தை வேரோடு பிடுங்கிப் பையில் போட்டுக் கட்டினாள். அவள் கண்ணைப் பார்க்க என்னால் ஏலவில்லை.

பின்னேரம் வெள்ளை லைட் வாங்கி மாட்டினேன். தேறிய எழுபதும் இப்போது அதன் கீழேதான்.

வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டே செல்வி சொன்னாள்: "இனிப் போன்ல கேக்க மாட்டன் அத்தான். நேர வந்து பாக்கிறன்."

பகலில் வா என்றேன். லைட்டை அணைத்து, ஜன்னலைத் திறந்து வைக்கிறேன்.