கதவு மாட்டும் சித்தப்பா

சித்தப்பா வீட்டில் கட்டில், அலமாரி, செருப்புத் தட்டு எல்லாம் ஒரே மரம். ரயில் கோச் செய்யும் ஆலையில் அவர் கதவு மாட்டுகிறவர். கதவும் அதைத் திறந்து மூடும் மோட்டாரும் கடல் கடந்து மரப்பெட்டியில் வரும். பிரித்த பலகை அவருக்கு.

பல நாடுகள் சுற்றிவிட்டு நான் திரும்பிய அன்று, கட்டில் காலில் இருந்த வெளிநாட்டு எழுத்தைக் காட்டினார். "நீதான் அங்கெல்லாம் போயிட்டு வந்தவளாச்சே. என்ன போட்டிருக்குன்னு படி."

"இந்தப் பக்கம் மேலே," என்று படித்தேன். அம்புக்குறி தரையைக் காட்டியது.

சித்தி பாத்திரம் துலக்கியபடியே சொன்னாள்: "இத்தனை வருஷமா தலைகீழாத்தான் படுத்திருக்கோம். அதான் மனுஷன் இன்னும் காண்ட்ராக்ட்லயே கெடக்கிறாரு."

அந்த வீட்டின் கவலையே அதுதான். அடுத்த ஆர்டர் ஆலைக்கு வந்தால் காண்ட்ராக்ட் ஆட்களை நிரந்தரமாக்குவதாக மேனேஜர் சொல்லியிருந்தார். ஆனால் ஒரு வெளிநாட்டுக் கம்பெனி முழு ரயிலையே மலிவாகத் தருகிறேன் என்று வந்து நின்றது. இறக்குமதிக்கு வரி போடச் சொல்லி ஆலை வாசலில் கூட்டம். சித்தப்பா முன்வரிசையில் தொண்டை கட்டும்வரை கத்தினார். அவர் பிடித்திருந்த கோஷ அட்டையின் கொம்பும் அந்தப் பெட்டி மரம்தான். யாருக்கும் உறுத்தவில்லை.

வரி வந்தது. சித்தப்பா ஷெட் முழுக்க டீ வாங்கிக் கொடுத்தார். அடுத்த மாதம் மரப்பெட்டி வருவது நின்றது.

"கதவெல்லாம் துறைமுகத்துல கெடக்கு. வரி கட்டி எடுத்தா கட்டுப்படியாகாது," என்றார் மேனேஜர்.

"நாங்க ரயிலுக்குத்தானே சார் போடச் சொன்னோம்?"

"ரயிலுக்கு அந்த வெளிநாட்டுக் கம்பெனிக்காரங்க விலக்கு வாங்கிட்டாங்கப்பா. அந்த ஆர்டர் அவங்களுக்கே போயிடுச்சு. பாகத்துக்குத்தான் வரி."

பக்கத்தில் நின்ற வெல்டர் சித்தப்பாவின் தோளில் தட்டினார். "நல்லா கத்துனடா. கேட்டுடுச்சு பாரு."

மழை பிடித்தது. ஆலை முற்றத்தில் கதவில்லாத கோச்சுகள் வரிசையாக நின்றன. திறப்புகளைப் பலகை அடித்து மூடும் வேலையைச் சித்தப்பாவிடம் கொடுத்தார்கள். ஆலையில் பலகை இல்லை. இருந்ததெல்லாம் அவர் வீட்டில் இருந்தது.

அன்று மாலை கட்டிலின் முன் நின்றார். "தண்ணி உள்ள போனா கோச் தரை ஊறிடும்."

"அவங்க பலகை வாங்க மாட்டாங்களாமா?" என்றாள் சித்தி.

"வாங்குவாங்க. அதுக்குள்ள ஊறிடும். நான் மாட்ட வேண்டிய கதவு."

சித்தி மெத்தையை உருவித் தரையில் போட்டாள்.

கடைசித் திறப்பையும் அவர் அடைத்து முடித்த அன்று காண்ட்ராக்ட் ஆட்களுக்குக் கணக்கு தீர்த்தார்கள். வாசலில் பாஸைக் காவலாளி வாங்கிக்கொண்டார். கொஞ்ச நாளில் அந்தக் கோச்சுகளைப் பழைய இரும்புக்குப் போடப்போவதாகக் கேள்விப்பட்டு, சித்தப்பா கட்டில் பலகையைத் திருப்பிக் கேட்கப் போனார்.

"உள்ள இருக்கிறதெல்லாம் ஆலைச் சொத்துண்ணே," என்றார் அதே காவலாளி. "வெளிய எடுக்கணும்னா பாஸ் வேணும்."