கிழமை கேட்டால் கிழவி வருகிறாள்!

போன செவ்வாய்க்கிழமை காலை எங்கள் மாமனார் விழுந்துவிட்டார்.

சாப்பிட்டு முடித்துக் கதிரையிலிருந்து எழும்பியவர், அப்படியே முன்னால் சரிந்தார். நெற்றியில் நெல்லிக்காய் அளவில் வீக்கம். உடம்பெல்லாம் குளிர்ந்த வியர்வை. பக்கத்து வீட்டு ஹனீபா நானா தன்னுடைய மொரிஸ் மைனர் காரைக் கொண்டுவந்தார். ஏற்றிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் பறந்தோம்.

மாமனாருக்கு எழுபத்தாறு வயது. துறைமுகத்து வேர்க்‌ஷொப்பில் முப்பது வருஷம் பொயிலர் தட்டியவர். பொயிலர் போனது, அந்தச் சத்தத்தில் காதும் போனது.

இதைச் சொல்லத்தான் வாயைத் திறந்தேன்.

“டொக்டர், அவருக்குக் காது...”

“சொந்தக்காரர் வெளியிலை நிக்க வேணும்” என்று அட்டென்டன்ட் என்னைத் தள்ளிக்கொண்டு போய் வாசலில் விட்டார். நல்ல வேளை, கதவு பாதி திறந்திருந்தது.

டொக்டர் இளம் பிள்ளை. காலையிலிருந்து உட்காரவே இல்லை போலிருக்கிறது. வீக்கத்தைப் பார்த்ததும் அவருடைய கவனம் முழுக்க மாமனாரின் தலைக்குள் இறங்கிவிட்டது.

“ஐயா, பேர் என்ன?”

“ஊரோ? சாம்பல்தீவு.”

“இண்டைக்கு என்ன கிழமை?”

“கிழவி வீட்டிலை நிக்கிறா.”

“எங்கை நோகுது?”

“போறதோ? விட்டால் வீட்டைதான் போவன்.”

டொக்டர் பெருமூச்சு விட்டார். “மூளையிலை அடி. புத்தி தடுமாறுது. கண்டிப் பெரியாஸ்பத்திரிக்கு அனுப்ப வேணும். அம்புலன்ஸைக் கூப்பிடுங்கோ.”

இந்த உடம்போடு கண்டி வரைக்குமா? மாமியிடம் என்னவென்று சொல்வது?

அப்போதுதான் தலை நரைத்த நர்ஸ் மிஸ்ஸி ஒருவர் ஊசித் தட்டோடு உள்ளே போனார். மாமனாரின் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தார். தட்டைக் கீழே வைத்தார். டொக்டரின் கழுத்திலிருந்த ஸ்டெதஸ்கோப்பைக் கேட்காமலே கழற்றி... மாமனாரின் காதில் மாட்டினார்! மறுமுனையை வாயருகே பிடித்துக்கொண்டு, “ஐயா, கேக்குதோ?” என்றார்.

மாமனார் திடுக்கிட்டார். “ஏன் பிள்ளை கத்துறாய்? நான் என்ன செவிடனே?”

“இண்டைக்கு என்ன கிழமை?”

“செவ்வாய். டொக்டருக்குத் தெரியாதே?”

“காலமை என்ன மருந்துக் குளிசை போட்டனீங்கள்?”

“என்ர பிரஷர் குளிசை ஒண்டு. பிறகு மனிசியின்ர ரெண்டு.”

“அவவின்ரயை ஏன் போட்டனீங்கள்?”

“அவ தனக்கு வேண்டாமெண்டு வைச்சிட்டா. வீணாப் போகுமெல்லே?”

டொக்டர் பாய்ந்து பிரஷர் பார்த்தார். அதல பாதாளத்தில் கிடந்தது. அம்புலன்ஸ் பயணம் நின்றது, சேலைன் வந்தது. பிற்பகலுக்குள் மாமனார் தேநீர் கேட்கும் அளவுக்குத் தெளிந்துவிட்டார்.

ஒன்று சொல்கிறேன். சின்னப் பிள்ளை பதில் சொல்லாவிட்டால், ‘பயந்துவிட்டது’ என்கிறோம். நீங்களும் நானும் பேசாமலிருந்தால், ‘வலி தாங்கவில்லை’ என்பார்கள். வயது போனவர் மாறிச் சொன்னால் மட்டும் உடனே மூளையில் கை வைக்கிறோம். கேள்வி அவருக்குப் போய்ச் சேர்ந்ததா என்று யார் பார்க்கிறோம்?

அந்த டொக்டர் பார்த்தார். அதையும் சொல்லத்தான் வேண்டும். அடுத்து வந்த கிழவரின் மகளை அவரே உள்ளே கூப்பிட்டு, “நீங்கள் பக்கத்திலை நில்லுங்கோ. இவருக்குக் காது, கண் எப்பிடி?” என்று கேட்டது என் காதில் விழுந்தது.

பின்னேரம் மாமி வந்தார். நடந்ததைக் கேட்டவர், மிஸ்ஸியிடம் அந்த ஸ்டெதஸ்கோப் குழாயை வாங்கி, மாமனாரின் காதில் மாட்டி, குளிசை விஷயமாகப் பத்து நிமிஷம் கதைத்தார். மாமனார் கண்ணை மூடிக்கொண்டு கிடந்தார். கதை முடிந்ததும் மாமி அதைக் கழற்றி மிஸ்ஸியிடம் கொடுத்துவிட்டு, மெல்லக் கேட்டார்:

“பிள்ளை, இதைக் கடையிலை வாங்கலாமோ?”

“ஏலாது! டொக்டர்மாருக்கு மட்டும்தான் குடுப்பினம்!” என்று கட்டிலிலிருந்து பதில் வந்தது.

காதில் அப்போது குழாய் இல்லை.