ஒன்று மட்டும் அதிகம்

கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கும் அந்த மனுஷனை எல்லாரும் 'பிரேக்' என்றுதான் கூப்பிடுவார்கள். பயிற்சி காரில் அவர் காலடியிலும் ஒரு பிரேக் உண்டு. அடுத்தவர் தப்புக்கெல்லாம் அதை மிதிப்பார். தன் வாய்க்கு மட்டும் பிரேக் கிடையாது. இரண்டு சிறுநீரகமும் கைவிட்டு, வாரம் மூன்று நாள் டயாலிசிஸில் கிடக்கிறவர் இப்படி இருக்கலாமா? அவர் மனைவிக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

அன்று ஆஸ்பத்திரியிலிருந்து வந்தவர் செருப்பைக்கூடக் கழற்றாமல் ஆரம்பித்தார்.

"ஆராய்ச்சிக்குன்னு ஒரு பொண்ணு ரத்தம் எடுத்துட்டுப் போச்சே, ரிசல்ட் வந்தாச்சு. என் சிவப்பணுவுல சக்தி உன்னைவிட, உங்க அண்ணனைவிட அதிகமாம்!"

"அப்போ அந்த வாளியைத் தூக்கி உள்ள வைங்க."

காதில் விழாதவர்போல் உட்கார்ந்துவிட்டார். மாடிப்படியில் நாலு இடத்தில் நின்று மூச்சு வாங்குகிற ஆள், தெருமுனைக் கடைக்காரர் முதல் மச்சான் வரை ஒருத்தரையும் விடாமல் பீற்றிக்கொண்டார். அண்ணன் போன் செய்து, "மாப்பிள்ளைக்குத்தான் சக்தி பொங்கி வழியுதாமே, இன்னும் ரெண்டு டிரைவிங் கிளாஸ் எடுக்கச் சொல்லேன்" என்றபோது அவளுக்குத் தலையில் அடித்துக்கொள்ளலாம் போலிருந்தது.

அடுத்த டயாலிசிஸுக்குத் துணைக்குப் போனவள் அந்த ஆராய்ச்சிப் பெண்ணை வராந்தாவிலேயே மடக்கினாள்.

"அது பலம் இல்லக்கா. சிறுநீரகம் வெளியேத்த வேண்டிய பாஸ்பரஸ் ரத்தத்துலயே தங்கிடுது. சிவப்பணு அதை வச்சு ஏடிபிங்கிற சக்திப் பொருளை அளவுக்கு மேல செஞ்சு நிரப்பிக்குது. அப்படியும் அந்தச் சிவப்பணு அல்பாயுசுலதான் போகுது."

"அந்தப் பாஸ்பரஸுக்குத்தான் சாப்பாட்டோட மெல்லுற மாத்திரை இருக்கே?"

"ஒழுங்கா மென்னிருந்தா இவ்வளவு ஏறியிருக்காதேக்கா."

அவருக்கு எலும்பு உளுத்து வருகிறது, இந்தமுறையும் பாஸ்பரஸ் இறங்காவிட்டால் கழுத்துச் சுரப்பியை எடுக்க ஆபரேஷன்தான் என்று டாக்டர் சொல்லியிருந்தார். கேட்டால் 'போட்டாச்சு, போட்டாச்சு' என்பார். மதியச் சாப்பாடு எப்போதும் காரில்தான். வீட்டுக்கு வந்ததும் நேரே போய்ப் பயிற்சி காரின் டேஷ்போர்டைத் திறந்தாள். பிரிக்காத மாத்திரை அட்டைகள் பொலபொலவென்று கொட்டின. கூடவே, பாஸ்பரஸ் ஏறும் என்று டாக்டர் தடுத்திருந்த கோலாவின் காலி பாட்டில் ஒன்று.

எல்லாவற்றையும் அள்ளிக்கொண்டு வந்து அவர் சாப்பாட்டுத் தட்டுக்கு முன்னால் போட்டாள்.

"ஊரெல்லாம் தம்பட்டம் அடிச்சீங்களே, எதைன்னு தெரியுமா? மாத்திரை போடாம என்னை ஏமாத்தினதை!"

"சுண்ணாம்பு மாதிரி இருக்கு. ஒரு வாய் சோறுகூட ருசிக்கல."

"ருசிக்கு உயிரைக் குடுப்பீங்களா? உங்களோட மல்லுக்கட்டியே நான் முதல்ல போய்ச் சேரப்போறேன்!"

அவர் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார்.

"அங்க போனா ரத்தம் கம்மி, எடை கம்மி, தெம்பு கம்மின்னே சொல்லுவாங்க. முதல் தடவையா என்கிட்ட நல்லது ஒண்ணு அதிகம்னு சொன்னாங்க. உன்கிட்டச் சொல்லணும்னு ஓடி வந்தேன்."

அவளுக்கு அழுகை முட்டியது. அதனாலேயே கோபம் இன்னும் ஏறியது. ஒரு மாத்திரையைப் பிரித்து அவர் உள்ளங்கையில் வைத்தாள்.

"மெல்லுங்க. நான் பார்க்கணும்."

முகத்தை அஷ்டகோணலாக்கிக்கொண்டு மென்றார். அவர் கை மறுபடி தட்டுக்குப் போகுமுன் அவள் அதைப் பிடித்துக்கொண்டாள்.

"வாயைத் திறங்க."