இரண்டாவது மௌன அஞ்சலி

எண்பதுகளின் கடைசியில் லண்டன் லூயிஷாம் பகுதிப் பூங்கா ஒன்றில் எங்கள் ஊர்ச் சங்கத்தின் உதைபந்தாட்டப் போட்டி நடந்தது. நான்தான் செயலாளர். அன்று காலை ஒருவர் போன் எடுத்து, "எங்கட ஊர் யோகராசா மோசம் போயிட்டார். ஹார்ட் அட்டாக்காம்" என்று சாவுச் செய்தி சொன்னார்.

லண்டனில் எங்கள் ஊர் யோகராசாக்கள் இரண்டு பேர் இருந்தார்கள். ஒருவர் எங்கள் அணியின் கோல் கீப்பர். மற்றவர் கல்யாண வீடுகளில் நாதஸ்வரம் வாசிப்பவர். எந்த யோகராசா என்று நான் கேட்கவில்லை. கேட்கத் தோன்றவுமில்லை.

மைதானத்தில் மைக்கைப் பிடித்து, இத்தனை வருடம் கோல் காத்த கைகளைப் பற்றி உருக்கமாகப் பேசினேன். எல்லோரும் தலைகுனிந்து இரண்டு நிமிடம் நின்றார்கள். நேரம் பார்த்துவிட்டு நான் நிமிர்ந்தேன். ரயில் பிந்தியதால் அப்போதுதான் வந்து சேர்ந்த கோல் கீப்பர் யோகராசா, பூட்ஸ் பையோடு பின்வரிசையில் தலைகுனிந்து நின்றார்.

விஷயம் தெரிந்ததும் ஆட்கள் அவரைக் கட்டிப்பிடித்துச் சிரித்தார்கள். "அப்பாடா, அப்ப அது நாதஸ்வரக்காரர்தான்" என்றார் ஒருவர். எனக்கும் நிம்மதியாகத்தான் இருந்தது.

யோகராசா சிரிக்கவில்லை. என்னிடமிருந்து மைக்கை வாங்கினார்.

"என்ர கலியாணத்துக்கு வாசிச்ச மனுசன். இப்ப அவருக்காண்டி ஒருக்கா நில்லுங்கோ."

நின்றோம். இந்தத் தடவை பலர் கடிகாரத்தைப் பார்த்தார்கள்.

என் கல்யாணத்துக்கும் அவர்தான் வாசித்தார். காலையில் அந்தப் பெயரைக் கேட்டபோது அவர் என் நினைவுக்கே வரவில்லை.