இரண்டாம் கவர்

நகரசபையில் ஒரு விதி உண்டு. எந்த வேலைக்கும் ஒரே ஒரு கவர் வந்தால் அந்த டெண்டர் செல்லாது. போட்டி இருந்தாக வேண்டும். விதியை எழுதியவர்கள் போட்டி என்றால் குறைந்தது இரண்டு பேர் என்று நினைத்திருக்கிறார்கள். இரண்டு கவர் இருந்தால் போதும் என்று ஊர் புரிந்துகொண்டது. அந்த இரண்டாவது கவருக்குச் சொந்தக்காரராக இருப்பதே ஒருவருடைய தொழிலாகிப் போயிற்று.

அவர் வீட்டு வாசலில் 'பதிவு பெற்ற ஒப்பந்தக்காரர்' என்று ஒரு தகரப் பலகை தொங்கியது. கொத்தனாராகத் தொடங்கி, மேஸ்திரியாகி, ஒருவழியாகப் பதிவும் வாங்கியவர். வாங்கிய பிறகு அவர் கட்டியது மிகக் குறைவு. மனைவியின் தம்பி அவரிடம் வேலை கற்றுக்கொண்டு தனியாகத் தொழில் தொடங்கினான். அவரிடம் இல்லாத ஒன்று அவனிடம் இருந்தது: அவனுக்குக் கேட்கத் தெரியும். அதிகாரியிடம் கேட்பான், தலைவரிடம் கேட்பான், கடைக்காரரிடம் கேட்பான். அவரிடமும் ஒருநாள் கேட்டான். "அத்தான், ரெண்டாவது கவருக்கு ஆள் இல்ல. சும்மா உங்க பேரைப் போட்டுக்கறேனே?"

அன்றிலிருந்து ஒவ்வொரு டெண்டருக்கும் மைத்துனனின் கணக்கர் ஸ்கூட்டரில் வருவார். எதுவும் எழுதாத விலைத் தாளை நீட்டுவார். இவர் அடியில் கையெழுத்துப் போடுவார். மைத்துனனின் தொகையைவிடச் சற்றுக் கூடுதலாக ஒரு தொகையைக் கணக்கர் பிறகு அலுவலகத்தில் உட்கார்ந்து எழுதிக்கொள்வார். என்ன எழுதினார் என்று இவர் கேட்டதில்லை. தோற்பதற்குத் தொகை எதற்கு?

மற்ற ஒப்பந்தக்காரர்கள் அவரை 'ரெண்டாங்கவர்' என்றே கூப்பிட்டார்கள். அவரும் திரும்பிப் பார்த்தார். மனைவிதான் விடமாட்டாள். "உங்கள யாராவது விளையாட்டுல சேத்துக்கிட்டா ஒப்புக்குச் சப்பாணியாத்தான் சேத்துக்குவாங்க" என்பாள். அவர் சிரிப்பார். வலிக்காமல் பழகிவிட்ட ஒன்றை மனிதன் சரியானது என்று எடுத்துக்கொள்கிறான். அவரும் அப்படித்தான் எடுத்துக்கொண்டார்.

மைத்துனனை அவர் குறை சொன்னதில்லை. சொல்லவும் முடியாது. மனைவிக்குச் சிறுநீரகம் பழுதானபோது எல்லாச் செலவையும் அவன்தான் ஏற்றுக்கொண்டான். அக்கா என்றால் அவனுக்கு உயிர். அரசு மருத்துவமனையின் பின்கட்டில் ரத்தம் சுத்தம் செய்யும் அறை. வாரத்தில் இரண்டு நாள் அவளை அங்கே அழைத்துப் போக வேண்டும். உள்ளே முறை வரும்வரை எல்லாரும் வெட்டவெளியில் காத்திருப்பார்கள். வெயிலில் அவள் தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு சுவரோரம் உட்காருவாள். மழையானால் பக்கத்துச் சைக்கிள் நிறுத்தத்தில் ஒண்டிக்கொள்வார்கள். "நோயைக்கூடத் தாங்கிக்கலாம், இந்தக் காத்திருக்கறது இருக்கே..." என்று அவள் முடிக்காமல் விடுவாள்.

அந்த இடத்தில் ஒரு காத்திருப்புக் கூடம் கட்ட நகரசபை டெண்டர் விட்டது. வழக்கம்போலக் கணக்கர் வந்தார், வழக்கம்போல அவர் கையெழுத்துப் போட்டார். போடும்போது பேனா ஒரு கணம் நின்றது. நின்றது அவ்வளவுதான், பிறகு நகர்ந்துவிட்டது.

கவர் பிரிக்கும் நாளில் கூட்ட அறையில் வழக்கமான முகங்கள். பொறியாளர் முதல் கவரைக் கிழித்து மைத்துனனின் பெயரையும் தொகையையும் வாசித்தார். இரண்டாவதைக் கிழித்தார். வாசிக்க வாய் திறந்தவர் நிறுத்திவிட்டு, தாளை இன்னொரு முறை பார்த்தார்.

"என்ன சார், எழுத்து புரியலையா?" என்றார் ஓரத்தில் இருந்த சிமென்ட் கடைக்காரர். அவரும் பதிவு வைத்திருந்தார்.

"நல்லாப் புரியுது" என்று சொல்லிப் பொறியாளர் வாசித்தார். இரண்டாம் கவரின் தொகைதான் குறைவு.

கணக்கரின் முகம் சுண்ணாம்பு அடித்ததுபோல் வெளுத்தது. இரண்டு விலைத் தாளையும் ஒரே மேசையில், ஒரே பேனாவில் நிரப்பியவர் அவர். குறைந்த தொகையை எழுதியது தன் முதலாளி கையெழுத்திட்ட தாளில் அல்ல என்பது அவருக்கு அப்போதுதான் உறைத்தது.

சிமென்ட் கடைக்காரர்தான் முதலில் சிரித்தார். "பந்தியில எண்ணிக்கைக்கு உட்காந்த ஆளுக்கு மாலையைப் போட்டு மாப்பிள்ளைன்னுட்டாங்கப்பா!"

அன்று பிற்பகல் மைத்துனன் வீட்டுக்கு வந்தான். கோபமாக வரவில்லை, அக்காவுக்குப் பழம் வாங்கிக்கொண்டு வந்தான்.

"அந்தக் கணக்கரை என்ன செய்யறதுன்னு தெரியல. பரவால்ல அத்தான், ஒண்ணும் குடி முழுகிடல. பேர் உங்களோடதா இருக்கட்டும். வேலையை நான் பாத்துக்கறேன். நீங்க எப்பவும்போல கையெழுத்து மட்டும் போடுங்க."

அவர் சரி என்று சொல்லத்தான் வாயெடுத்தார். கட்டிலில் சாய்ந்திருந்த மனைவி முந்திக்கொண்டாள்.

"டேய், அவரு கட்டட்டுமேடா."

"அக்கா, கலவை மிஷின் கிடையாது, ஆளு கிடையாது..."

"உன்கிட்ட இருக்குல்ல? வாடகைக்குக் குடு. நான் உட்காரப்போற இடம், அவரு கையால கட்டட்டும். இத்தனை வருஷத்துல உன்கிட்ட நான் வேற என்ன கேட்டேன்?"

மைத்துனன் பழத்தை மேசையில் வைத்துவிட்டுச் சிரித்தான். "ஆகட்டும் அத்தான். ஜமாய்ங்க."

அதற்கப்புறம் வந்த வாரங்களைப் பற்றி அவர் யாரிடமும் அதிகம் பேசியதில்லை. மகிழ்ச்சியைச் சொல்லிப் பழக்கமில்லாதவர்களுக்கு அது வந்துபோனதற்குச் சாட்சியே இருக்காது. இதற்கு மட்டும் மனைவி சாட்சி. மருத்துவமனைக்கு வரும் நாளில் அவளுக்கு ஒரு நாற்காலியைப் போட்டுவிட்டு அவர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு குழிக்குள் இறங்குவார். அஸ்திவாரக் கம்பிகளைக் கட்டும் ஆட்களைத் தள்ளிவிட்டுத் தானே குறடை வாங்கிக் கட்டுக்கம்பியை முறுக்குவார். தூண் எழும்பியதும் தூக்குக்குண்டைத் தொங்கவிட்டு ஒரு கண்ணை மூடிக்கொண்டு பார்ப்பார்.

"நேரா இருக்கா? இல்ல உங்கள மாதிரி எல்லார்க்கும் வளைஞ்சு குடுக்குதா?" என்று அவள் நாற்காலியிலிருந்தே கேட்பாள்.

"நீ வந்து பாரேன்."

"பாக்க வேணாம். சாஞ்சு பாத்தாத் தெரிஞ்சிடும்."

வரைபடத்தில் கூரை தூண் வரிசைக்கு வெளியே ஒரு சாணுக்குமேல் நீளவில்லை. வரைந்தவர் மழையில் காத்து நின்றவரல்ல. இந்தக் கட்டடத்துக்குச் சாரல் எந்தப் பக்கமிருந்து வரும் என்பது சைக்கிள் நிறுத்தத்தில் ஒண்டி நின்றவருக்குத் தெரியும். அந்தப் பக்கம் மட்டும் கூரையை நீட்டிவிடுவது என்று அவர் முடிவு செய்துவைத்திருந்தார். கூடுதல் செலவைத் தானே ஏற்றுக்கொள்வதாகப் பொறியாளரிடம் போய்ச் சொன்னார். "உங்க காசு, உங்க ஆசை. எனக்கென்ன?" என்றார் பொறியாளர். அன்று வீடு திரும்பியவர், வாசல் கதவைத் திறக்கும் முன்பே மனைவியிடம் அதைச் சொல்லிவிட்டார்.

தூண்கள் நான்கும் நின்றுவிட்டன. கூரைக்குச் சாரம் கட்ட வேண்டிய வாரத்தில் அவளுக்குக் காய்ச்சல் கண்டது. ரத்தத்தில் கிருமி சேர்ந்துவிட்டது, இங்கே வைத்துப் பார்க்க முடியாது என்று மருத்துவர் கைவிரித்தார். மைத்துனன் உடனே ஓடிவந்தான். காரைக் கொண்டுவந்து வாசலில் நிறுத்தி, அக்காவைக் குழந்தைபோல் தூக்கிப் பின்சீட்டில் படுக்கவைத்தான். பெருநகரத்தின் தனியார் மருத்துவமனையில் முன்பணம் கட்டினான். நடைகூடத்து இருக்கையில் அத்தானுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து குலுங்கிக் குலுங்கி அழுதான்.

அவள் கண் திறந்தாள் என்று செவிலி வந்து சொன்ன அன்று, அவர் மைத்துனனைத் தனியே அழைத்தார். எதைச் சொல்லப்போகிறோம் என்று அவருக்கே தெரிந்திருந்ததா என்பது சந்தேகம்தான். நன்றி என்பது சிலரிடம் சொல்லாக வெளிவராது. எதையாவது தூக்கிக் கொடுத்தால்தான் அவர்களுக்கு மூச்சு விட முடியும்.

"அந்தக் கூடத்த நீயே எடுத்துக் கட்டிடுப்பா. நான் இவகூட இருக்கேன்."

"நான் கேக்கலையே அத்தான்."

"தெரியும். எடுத்துக்கோ."

மைத்துனன் கெட்டவன் இல்லை. கொடுப்பதை வேண்டாம் என்று சொல்லத் தெரியாதவன், அவ்வளவே. "சரி அத்தான்" என்றான்.

அவளுக்கு உடல் தேறி, ஊர் திரும்பும் வழியில், காரில்தான் விஷயம் தெரிந்தது. ஓட்டிக்கொண்டிருந்த தம்பியே பெருமையாகச் சொன்னான்: "கூரை போட்டாச்சுக்கா. நீ போய் உட்கார வேண்டியதுதான்."

அவள் கணவர் பக்கம் திரும்பினாள். அவர் சன்னல் வழியே வெளியே பார்த்துக்கொண்டிருந்தார். வீட்டுக்கு வந்து, தம்பி போன பிறகுதான் கேட்டாள்.

"அவன் கேட்டானா?"

"இல்ல."

"நான் கேட்டேனா?"

"இல்ல."

"பின்ன யாரு கேட்டா உங்ககிட்ட?"

கோபமாகக் கேட்டிருந்தால் பரவாயில்லை. உண்மையாகவே தெரிந்துகொள்ள வேண்டும் என்பதுபோல் கேட்டாள். யாரும் பறிக்கவில்லை என்பதால் யார்மேலும் போட முடியாத ஒரு இழப்பு அது.

கூடத்தின் முகப்பில் கல்வெட்டு பதித்தார்கள். தலைவர் பெயர், உறுப்பினர்கள் பெயர், கடைசியில் ஒப்பந்தக்காரர் என்று இவர் பெயர். மைத்துனன் வரைபடத்தில் இருந்தது இருந்தபடியே கட்டியிருந்தான். ஒரு குறை சொல்ல முடியாது. கூரை ஒரு சாண்தான் வெளியே நீண்டிருந்தது.

முதல் மழை அவளுடைய முறைநாளில் வந்தது. ஓரத்து பெஞ்சில் இருந்தவர்கள்மேல் சாரல் அடித்தது. அவள் அங்கேதான் உட்கார்ந்திருந்தாள். புடவை முன்றானையால் காலை மூடிக்கொண்டாள். அவர் கூரையின் விளிம்பைப் பார்த்தார். அவள் அவரைப் பார்த்தாள்.

"தூண் யாரு கட்டினது?" என்றாள்.

"நான்தான்."

"இந்தப் பக்கத்துத் தூணுமா?"

"நாலும் நான்தான்."

அவள் பெஞ்சைவிட்டு எழுந்து, மெல்ல நடந்து, உள்பக்கத் தூணருகே தரையில் உட்கார்ந்து, முதுகை அதில் சாய்த்துக்கொண்டாள். "நேராத்தான் இருக்கு" என்றாள்.

அடுத்த மழைக்காலம் வரை அவள் இருக்கவில்லை. தம்பி அழுத அழுகையைப் பார்த்து ஊரே கண் கலங்கியது. அவர் அழுததை யாரும் பார்க்கவில்லை. அழவில்லை என்று சொல்லிக்கொண்டார்கள்.

சில மாதங்கள் கழித்துக் கணக்கர் ஸ்கூட்டரில் வந்தார். ஏதோ வடிகால் வேலை. விலைத் தாளை நீட்டினார். "இந்தத் தடவை கவனமா எழுதறேன்ணே, பயப்படாதீங்க. கையெழுத்துப் போடணும்னு முதலாளி கேக்கச் சொன்னாரு."

"கேக்கச் சொன்னானா?"

"ஆமாண்ணே."

அவர் தாளை வாங்கிப் பார்த்தார். பெயருக்கு ஒரு இடம், தொகைக்கு ஒரு இடம், எல்லாம் காலியாக இருந்தன. திருப்பிக் கொடுத்தார்.

"கேட்டதால சொல்றேன். முடியாதுன்னு சொல்லிடுங்க."

கணக்கர் தாளை மடித்துப் பைக்குள் வைத்தார். "அவரு மேல எதுவும் வருத்தமாண்ணே?"

"அவன்மேல எனக்கென்ன வருத்தம்? சாப்பிட்டுட்டுப் போறீங்களா?"

இதைப் பெரிய துணிச்சலாக எடுத்துக்கொள்ள வேண்டியதில்லை. ஊரில் எதுவும் மாறிவிடவில்லை. சிமென்ட் கடைக்காரர் அந்த இடத்துக்கு வந்தார். டெண்டர் எப்போதும்போல் நடந்தது. இரண்டாம் கவருக்கு ஆள் கிடைப்பது ஒருநாளும் கஷ்டமாக இருந்ததில்லை. மைத்துனன்கூட, அத்தானுக்கு வயசாகிவிட்டது என்று புரிந்துகொண்டான்.

வானம் இருட்டிக்கொண்டு வரும்போது மட்டும் அவர் குடையை எடுத்துக்கொண்டு மருத்துவமனைக்குப் போவார். பின்கட்டுக் கூடத்தில் இருப்பவர்களைக் கொஞ்சம் எழுந்திருக்கச் சொல்லி, ஓரத்து பெஞ்சை இரண்டு கையாலும் பிடித்து உள்ளே, தூண்வரை இழுத்துப் போடுவார். மழை விட்டதும் பெருக்க வரும் அம்மாள் அலுத்துக்கொண்டே அதைப் பழைய இடத்துக்குத் தள்ளிவிடுவாள்.

"யாருங்க உங்கள இதெல்லாம் செய்யச் சொல்றது?" என்று ஒருநாள் கேட்டாள்.

அவர் குடையிலிருந்த தண்ணீரை உதறினார்.

"யாரும் சொல்லலைம்மா" என்றார்.